துணிப்பிள்ளைக்குப் புத்தூர்க்கட்டு

1953 அக்டோபர் 1: ஆந்திர மாநிலம் அமைந்தது. சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது.

1956 நவம்பர் 1: அம்மாநிலம் ஆந்திரப் பிரதேசமாக விரிந்தது.

1960 ஏப்ரல் 1: எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. சத்தியவேடு வட்டாரம் ஆந்திரப் பிரதேசத்துக்கு வந்தது. புத்தூர் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதே ஆண்டு, மழைக்காலத்துக்கு முந்திய ஒரு ஞாயிறு: புத்தூரில் எங்கள் சபையின் பாலர் வகுப்பில் ஒரு துணிப்பிள்ளை கீழே விழுந்தது. அதன் இடக்கை தோளோடு பிய்ந்தது.

முதல் மூன்றும் அரசு ஆவணங்களில் உள்ளவை. நான்காவதை நான் பார்த்தேன்.

சில வாரங்களாக இத்தொடர் வரவில்லை. என் மனைவி கிருபை தவக்காலம் தொடங்கிய வாரத்தில் காலமானாள். திருப்பதியில் வரலாறு கற்பித்த என் கல்லூரி நாள்களைத்தான் இப்பகுதியில் எழுதிவந்தேன். இந்த வாரம் அதை ஒத்திவைக்கிறேன்.

ராஜாவின் வாள்

ஆலயத்துக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. மண் தரையில் நீளமான கோரைப்பாய். அதன்மேல் பாலர் வகுப்பின் பிள்ளைகள். எழுதப் படிக்கத் தொடங்காதவர்களும், தொடங்கி அதனால் கர்வம் கொண்டவர்களும் கலந்திருந்தார்கள். அன்று சாலொமோன் ராஜாவின் தீர்ப்பை அவர்கள் நடித்துக் காட்டினார்கள்.

பெஞ்சின்மேல் தாசு என்ற பையன் ராஜாவாக உட்கார்ந்திருந்தான். மூங்கில் சிம்பில் வெள்ளித்தாள் ஒட்டிய வாள். கிரீடம் அளவில் பெரியது, காதுகளால்தான் நின்றது. எதிரே ராணி, சுகுணா என்ற இரு சிறுமிகள், ஒரே குழந்தைக்கு உரிமை கோரும் இரண்டு தாய்கள். குழந்தையை, வகுப்பின் ஆசிரியையான கிருபை தன் பழைய நூல்சேலையில் தைத்து, இலவம்பஞ்சு அடைத்து, கறுப்பு நூலால் கண் வைத்திருந்தாள்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ராஜா குழந்தையை இரண்டாக வெட்டச் சொல்ல வேண்டும். பொய்த் தாய் "வெட்டுங்கள்" என்று சொல்ல வேண்டும். மெய்த் தாய் "வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும்" என்று சொல்ல வேண்டும். ராணி மெய்த் தாய். சுகுணா பொய்த் தாய்.

ஆளுக்கொரு கையைப் பிடித்து இருவரும் இழுத்தார்கள். தாசு வாளை ஓங்கினான்.

"வேணாம் வேணாம், நீயே வெச்சிக்கோ!" என்றாள் ராணி.

"இல்ல, நீயே வெச்சிக்கோ!" என்றாள் சுகுணா.

இருவரும் ஒரே நேரத்தில் கையை விட்டார்கள். குழந்தை முதலில் பெஞ்சின் முனையில் மோதியது. ஆணி ஒன்றில் மாட்டிய இடக்கை அங்கேயே தங்க, மற்றது தரையில் விழுந்தது.

தாசு கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து இறங்கினான். பிள்ளையை எடுத்துத் தூசி தட்டினான்.

"ரெண்டு பேருக்கும் வேணாமா? அப்போ நானே இட்டுக்கினு பூடறேன்."

எல்லைத் தகராறுகளைப் பற்றிப் பிற்காலத்தில் நிறையப் படித்தேன். இவ்வளவு சுருக்கமான தீர்ப்பை எதிலும் காணவில்லை.

கிருபை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ராஜா எடுக்கக் கூடாதுடா. ராஜா யாராவது ஒரு அம்மாகிட்டத்தான் குடுக்கணும்" என்றாள். பிறகு சுகுணாவைப் பார்த்தாள். "நீ வெட்டச் சொல்லணுமில்ல?"

சுகுணாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இந்த மாசம் பூரா 'நீயே எடுத்துக்கோ'ன்னு சொல்லச் சொல்லி நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

வாரச் செயல்

அவள் சொன்னது உண்மை. கிருபை பாடத்தைச் சொல்லி முடித்துவிடும் ஆசிரியை அல்லள். ஒவ்வொரு ஞாயிறும் கதையின் முடிவில் ஒரு செயல் கொடுப்பாள். அதற்கு வாரச் செயல் என்று பெயர். அடுத்த ஞாயிறு ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, செய்ததையும் செய்யத் தவறியதையும் சொல்ல வேண்டும். தவறியதைச் சொன்னவர்களையும் தட்டிக்கொடுப்பாள்.

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் என்ற பாடத்துக்குப் பொரி வாங்கி வருவாள். பக்கத்தில் இருப்பவரின் கையை நிரப்பிய பிறகே தன் வாய்க்குப் போட வேண்டும். கடலில் எழுந்த புயலுக்கு ஒரு தாம்பாளத் தண்ணீரும் காகிதப் படகும். பிள்ளைகள் சுற்றி நின்று ஊதுவார்கள். அவள் கையை உயர்த்தியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அமைதி என்றால் என்னவென்று அவர்கள் உடம்பு கற்றுக்கொண்டது.

நல்ல மேய்ப்பனுக்குக் கண்ணாமூச்சி. ஒளிந்திருக்கும் கடைசிப் பிள்ளை கிடைக்கும்வரை யாரும் உட்காரக் கூடாது. ஒருமுறை அந்தக் கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுகொண்டிருந்தது. வகுப்பு முழுவதும் தெருவில் இறங்கிவிட்டது.

அந்த மாதத்தின் வாரச் செயல் விட்டுக்கொடுத்தல். பிள்ளைகள் அதை மிகவும் உண்மையாகச் செய்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன ராணியும் சுகுணாவும் "நீ மொதல்ல", "நீதான் மொதல்ல" என்று நின்றதில், தண்ணீர் நின்றுபோய் இருவரும் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். ராணியின் தாய் எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"உங்க பாடம் நல்லாத்தான் கீது டீச்சரம்மா. ஆனா எங்கூட்டுல இன்னிக்கு உலை வெக்கத் தண்ணி இல்ல."

எங்கள் வீட்டில் தொட்டில் கட்டப்படவில்லை. அதைப்பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். அந்தப் பாயில் உட்கார்ந்தவர்கள்தாம் கிருபைக்கு இருந்தவர்கள் என்பதைச் சொல்ல அது போதும்.

முட்டை வெள்ளை

புத்தூருக்கு ரயிலில் வருபவர்களில் பாதிப்பேர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி திருப்பதி மலையிலிருந்து திரும்புபவர்கள். மற்றவர்களில் பலர் கையைக் கழுத்தில் தூளி கட்டிக்கொண்டோ, காலைப் பலகைமேல் நீட்டிக்கொண்டோ இறங்குவார்கள். எலும்பு முறிந்தால் புத்தூர்க்கட்டு. மூங்கில் சிம்பு, துணி, பச்சிலை, முட்டை வெள்ளை. பக்கத்துத் தெருவிலேயே அது நடந்ததால் எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

ஆகவே கிருபை ஊசியும் நூலும் எடுத்தபோது எதிர்ப்பு எழுந்தது.

"தெக்கக் கூடாது டீச்சர், வலிக்கும். கட்டுப் போடணும்" என்றாள் ராணி.

"ஊர்ல எல்லாரும் கை ஒடஞ்சா நம்ம புத்தூருக்கு வராங்கோ. நம்ம பாப்பாவுக்கு ஊசியா?" என்றான் தாசு.

முட்டை எங்கள் வீட்டிலிருந்து போயிற்று. உடைந்த கூடையிலிருந்து சிம்புகள். வகுப்பின் இன்னோர் ஆசிரியை ரத்னம்மா தன் முந்தானை ஓரத்தைக் கிழித்துத் துணி கொடுத்தார். அவர் தெலுங்குக் குடும்பம். தமிழைத் தெலுங்கின் தாளத்தில் பேசுவார். கிருபைக்கு இளையவர். ஒரு ஞாயிறு கிருபை தமிழில் கதை சொன்னால் மறு ஞாயிறு அவர் தெலுங்கில் சொல்வார். கட்டுப் போடும்போது கையை அசையாமல் பிடித்தவர் அவர்தான்.

"ஆறினப்பறம் பிரிச்சுத் தெச்சிக்கலாம். அது வரிக்கும் யாரும் ஆட்டக் கூடாது" என்று கிருபை தீர்ப்புச் சொன்னாள்.

பாயைப் பிரிப்பது

அடுத்த வாரம் சபைக் கூட்டம். எல்லை மாற்றத்துக்குப் பின் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஊரில் வந்திருந்தது. கடைப்பலகை, பள்ளிப் புத்தகம், பேருந்தின் பெயர்ப்பலகை. பாலர் வகுப்பும் வரிசையில் வந்தது.

தமிழ் மூப்பர் ஒருவர் எழுந்தார். "இஸ்கூல்ல தெலுங்குதான். நம்ம பசங்க தமிழ் எழுத்தக் கண்ணால பாக்கறதே ஞாயித்துக்கெழமதான். அதுலயும் பாதியா?"

அவர் கவலையில் பொய் இல்லை.

எதிர்வரிசையில் இருந்தவர், ஊர் இப்போது ஆந்திராவில்தானே இருக்கிறது என்ற பொருளில், "மன ஊரு இப்புடு ஆந்திராலோனே உந்தி கதா" என்றார். அதிலும் பொய் இல்லை.

முடிவாக, தமிழ்ப் பிள்ளைகள் கொட்டகையில் கிருபையிடம், தெலுங்குப் பிள்ளைகள் ஆலயத் தாழ்வாரத்தில் ரத்னம்மாவிடம், வரும் ஞாயிறு முதல்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ராணியின் தாய் கேட்டாள். அவள் நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பெண். கணவர் தெலுங்கர்.

"எங்க ராணிய எங்க ஒக்கார வெப்பீங்கோ ஐயரே? பாதிய கொட்டாயில, பாதிய தாவாரத்துலயா?"

போதகரான ஐயர் உடனே எழுந்தார். ஜெபித்துக் கூட்டத்தை முடித்தார். கிருபையும் ரத்னம்மாவும் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெளியே வரும்போது ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை.

சனிக்கிழமை மாலை கிருபை, பாடக் கதைகளின் படங்கள் கொண்ட படச்சுருளை வழக்கம்போல் எடுத்து வைக்கவில்லை. நான் கேட்டேன்.

"நாளைக்கு நான் போவலீங்க. கொழந்தைங்க எல்லாத்தையும் ரத்னம்மாவே வெச்சிக்கட்டும்."

"அவர் தெலுங்கில்தானே சொல்லுவார்?"

"சாலொமோன் எந்த பாஷயில பேசனாரு, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். சற்றுப் பொறுத்து, "ரெண்டா வெட்டறதுக்கு நான் கத்தி புடிக்க மாட்டேன்" என்றாள்.

அவரிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். போகாமல் இருந்தால் புரிந்துகொள்வாள் என்றாள்.

சத்தம் நின்றபோது

மறுநாள் ஐயர் நாராயணவனம் பக்கத்துச் சபையில் நற்கருணை நடத்தப் போயிருந்தார். ஆலயத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை யாரோ அடித்தார்கள். எங்கள் வீடு தெருவுக்கு எதிர்ப்புறம். கிருபை கூடத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நார் ஒரு பக்கமும் காய் ஒரு பக்கமும் போக வேண்டும். இரண்டும் ஒரே முறத்தில் விழுந்துகொண்டிருந்தன.

கொட்டகையில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. ஏறியது. நான் அவளைப் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை.

பிறகு இரைச்சல் சட்டென்று நின்றது.

முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "சத்தம் போட்டா பயமில்ல. சத்தம் நின்னாத்தான் என்னமோ நடக்குதுன்னு அர்த்தம்" என்றபடியே செருப்பில்லாமல் தெருவைக் கடந்தாள். நான் பின்னால் போனேன்.

கொட்டகை வாசலில் எதிர்த்திசையிலிருந்து ரத்னம்மா வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. கையில் மாவு ஒட்டியிருந்தது. வீட்டு அடுப்படியிலிருந்து வருகிறார் என்பது தெரிந்தது.

"நீ உள்ள இல்லையா?" என்றாள் கிருபை.

"மீரு லேரா அக்கா?" என்று அவரும் அதையே கேட்டார். பின், "நேனு மீக்கே வதிலேசானு" என்றார். உங்களுக்கே விட்டுவிட்டேன் என்று பொருள்.

"நான் உனக்கு வுட்டுட்டேனே!"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் உள்ளே பார்த்தார்கள்.

பாயைச் சுற்றி வட்டமாகப் பிள்ளைகள். யாரும் பேசவில்லை. நடுவில், கட்டுப் போட்ட கையோடு துணிப்பிள்ளை மல்லாந்து கிடந்தது. ராணி சுகுணாவைப் பார்த்தாள். சுகுணா ராணியைப் பார்த்தாள். ஆசிரியைகள் இருவரையும் கண்டதும் தாசு முறையிட்டான்.

"டீச்சர், பாப்பாவ யாரும் தூக்க மாட்டேன்றாங்கோ. 'நீ தூக்கு, நீ தூக்கு'ன்றாங்கோ. நான் தூக்கப் போனா, ராஜா எடுக்கக் கூடாதுன்னு டீச்சரு சொல்லிச்சேன்றாங்கோ. யாரு வருவாங்கன்னு பாத்துக்கினு கீறோம்."

கிருபை உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ரத்னம்மா பக்கத்தில் அமர்ந்து, கட்டுப் போட்ட கை தொங்காதபடி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். அதன் பிறகே வட்டத்தில் இருந்த பிள்ளைகள் அசைந்தார்கள்.

அன்று கதை சொல்லவில்லை. கிருபை மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவரச் சொன்னாள். நிறைகுடம். ராணியைத் தூக்கச் சொல்லி, சுகுணாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"நில்லு. நீ எப்ப வுடுவே?"

"அவ கேட்டா வுடுவேன்."

"அவ கேக்கல. நீயா குடுக்கற. எப்ப வுடுவே?"

ராணி யோசித்தாள். "அவ புடிச்சாளான்னு பாத்துட்டு."

"அதான்" என்றாள் கிருபை. "விட்டுக் குடுக்கறது நல்லதுதான். ஆனா அவங்க புடிச்சாங்களான்னு பாத்துட்டு வுடணும். இல்லன்னா அது குடுக்கறது இல்ல, கீழ போடறது. இந்த வாரச் செயல் இதுதான்."

ரத்னம்மா அதைத் தெலுங்கில் சொன்னார். குடம் வட்டமாகச் சுற்றி வந்தது. ஒவ்வொரு கையும் அடுத்த கையைப் பார்த்த பின்பே விட்டது. ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று எழுத ஆசைதான். தாசு தன் மேலேயே கொட்டிக்கொண்டான்.

சபையின் முடிவு ரத்து செய்யப்படவில்லை. நிறைவேற்றப்படவும் இல்லை. அடுத்த ஞாயிறு முதல் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். ஒருவர் கதை சொன்னால் மற்றவர் அதே கதையைத் தம் மொழியில் திருப்பிச் சொல்வார். வகுப்பு நீண்டது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். தமிழ் மூப்பரின் கவலைக்காகக் கடைசியில் சற்று நேரம் மணலில் எழுத்து. தெலுங்குப் பிள்ளைகளும் தமிழில் தங்கள் பெயரை எழுதினார்கள். ஐயர் திரும்பி வந்து சில வாரங்கள் கவனித்தார். பின் யாரும் கேட்கவில்லை.

தவக்காலம்

அடக்கத்தன்று ரத்னம்மா வந்தார். இப்போது கோலூன்றித்தான் நடக்கிறார். பேரன் கைப்பிடித்துக் கூட்டி வந்தான். பெட்டிக்கு அருகே நாற்காலி போட்டோம். பாடல்கள் முடியும்வரை அவர் அழவில்லை. நானும் அப்படியே இருந்தேன்.

மூடுவதற்கு முன் எழுந்து, கிருபையின் கையைத் தொட்டார். எல்லாருக்கும் கேட்கும்படி, திட்டும் குரலில் சொன்னார்:

"ஏன்க்கா, நான் புடிச்சேனான்னு பாக்காமயே வுட்டுட்டியே."

அதற்கு முன் கிருபையை 'நீ' என்று அவர் அழைத்து நான் கேட்டதில்லை.

அன்றுமுதல் அந்தக் கேள்வியை எனக்கும் உரியதாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடைசி வாரங்களில் அவள் என்னிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தது நினைவுக்கு வருகிறது. அரிசிப்பானை எங்கே, வெந்நீருக்கு எவ்வளவு விறகு, மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. சொல்லிவிட்டு, திரும்பச் சொல்லச் சொல்வாள். அப்போது அது ஆசிரியையின் பழக்கம் என்று நினைத்தேன்.

அவளுடைய தகரப்பெட்டியை நேற்று திறந்தேன். துணிப்பிள்ளை மேலேயே இருந்தது. கட்டு பிரிக்கப்படவில்லை. முட்டை வெள்ளை கல்லாக இறுகியிருந்தது.

செய்யாமல் நிற்பவை:

கட்டைப் பிரித்து, இடக்கையைத் தைக்க வேண்டும். எனக்குத் தைக்கத் தெரியாது.

படச்சுருளின் மேல்கம்பு உளுத்துவிட்டது. மாற்ற வேண்டும்.

இப்போது பாலர் வகுப்பை நடத்தும் சுகுணாவிடம், பாய் இன்னும் ஒன்றுதானா என்று கேட்க வேண்டும்.

ரத்னம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளையை எடுத்துச் செல்ல வேண்டும். அவர் நிச்சயம், "நீங்களே வெச்சிக்கோங்க சார்" என்பார். நான் நீட்டிய கையை மடக்கக் கூடாது. அவர் பிடித்துக்கொண்டாரா என்று பார்த்த பிறகே விட வேண்டும்.